மேப்பிள் பாகும் ஓய்வுகொள்ளும் சவ்வும்

ஓர் இயந்திரம் எதனால் கெடுகிறது என்று கேட்டால், ஓயாது ஓடித் தேய்வதனால் கெடுகிறது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். மாட்டுவண்டியின் அச்சும் தையற் பொறியின் ஊசியும் அவ்வாறுதான் கெடுகின்றன. ஆனால், ஆண்டில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் மட்டுமே உழைத்து, எஞ்சிய பத்து மாதங்களும் சும்மா கிடக்கும் பொறி ஒன்று உண்டு. அதற்கு வரும் கேட்டில் பெரும்பகுதி, அது சும்மா கிடக்கும் காலத்திலேதான் வருகிறது. வட அமெரிக்காவில் மேப்பிள் மரத்தின் சாற்றைப் பாகாகக் காய்ச்சுவோர் வைத்திருக்கும் எதிர்ச் சவ்வூடு பரவற் பொறியே அது. அதனை ஓய்வுக்காலத்தில் எங்ஙனம் பேணுகிறார்கள், ஏன் அவ்வாறு பேணவேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

கனடாவின் கிபெக் மாகாணத்திலும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வெர்மான்ட், நியூயார்க், மேன் முதலிய மாநிலங்களிலும் சர்க்கரை மேப்பிள் என்னும் மரம் காடாக வளர்கிறது. உலகில் காய்ச்சப்பெறும் மேப்பிள் பாகில் பெரும்பகுதி கிபெக் மாகாணத்தினின்றே வருகிறது. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே அந்நிலத்தின் பழங்குடி மக்கள் இச்சாற்றின் இனிமையை அறிந்திருந்தனர். குளிர்காலம் கழிந்து வசந்தம் தோன்றும் தறுவாயில், இரவில் நீர் உறையும் குளிரும் பகலில் பனி உருகும் வெம்மையும் மாறி மாறி வரும். அவ்வாறு மாறி வரும்போது மரத்தினுள் அழுத்தம் ஏறியும் இறங்கியும் நிற்க, அடிமரத்தில் இட்ட சிறு துளையின் வழியே சாறு சொட்டுகிறது. மரத்தில் மொட்டு விரியத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுவிடும். பருவம் அவ்வளவே.

அச்சாறு பார்வைக்குத் தெளிந்த தண்ணீர். நூறு பங்கில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால் அது நல்ல சாறு. பாகு என்று பெயர் பெறவேண்டுமானால் அந்த இரண்டு பங்கு, அறுபத்தாறு அல்லது அறுபத்தேழு பங்காக உயரவேண்டும். வெர்மான்டில் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. 86 என்னும் எண்ணைச் சாற்றிலுள்ள சர்க்கரையின் விழுக்காட்டால் வகுத்தால், ஒரு காலன் பாகுக்கு எத்தனை காலன் சாறு வேண்டும் என்பது கிடைக்கும். இரண்டு விழுக்காட்டுச் சாறானால் 43 காலன். எஞ்சிய 42 காலன் நீரையும் ஆவியாக்க விறகோ எண்ணெயோ எரித்தாக வேண்டும். மேப்பிள் பாகின் விலையில் ஒரு பங்கு, வானத்தில் கலந்துபோகும் அந்த ஆவியின் விலையே எனலாம்.

இவ்வெரிபொருட் செலவைக் குறைக்க வந்ததுதான் நாம் பேச எடுத்துக்கொண்ட பொறி. உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது உப்புகிறது அல்லவா? நீர், திராட்சையின் தோலைக் கடந்து, சர்க்கரை மிகுந்த உட்புறம் நோக்கிச் செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். சர்க்கரை மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் வந்த வழியே திரும்பிச் செல்லும். சர்க்கரை அங்கேயே தங்கிவிடும். இது எதிர்ச் சவ்வூடு பரவல். கொள்கை எளிதுதான். அழுத்தத்தையும் தாங்கி, போதிய வேகத்தில் நீரையும் விடும் சவ்வு கிடைப்பதுதான் அரிதாக இருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கழகத்தில் சிட்னி லோப் என்பாரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பாரும் 1960ஆம் ஆண்டையொட்டி அத்தகைய சவ்வை ஆக்கிக் காட்டினர். கடல்நீரைக் குடிநீராக்குவதே அவர்களுடைய நோக்கம். சௌரிராஜன் பின்னர்க் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். கடல்நீருக்காகப் பிறந்த கருவி மரச்சாற்றுக்கும் பயன்பட்டது. 1970ஆம் ஆண்டுகளில் பாகு காய்ச்சுவோர் அதனைக் கைக்கொள்ளத் தொடங்கினர்.

பயன் எவ்வளவு என்று பார்ப்போம். இரண்டு விழுக்காட்டுச் சாறு 100 லிட்டரை இப்பொறியிற் செலுத்தி எட்டு விழுக்காடு ஆக்கினால், அடுப்புக்கு வருவது 25 லிட்டர்தான். முக்காற் பங்கு நீர் நெருப்பில்லாமலே நீங்கிவிடுகிறது. ஆதலின் இப்பொறியை வாங்கியவர் சிறிய அடுப்போடும் குறைந்த விறகோடும் அமைதி கொள்கிறார். அவருடைய இடரும் அதில்தான் இருக்கிறது. ஒரு மார்ச்சு மாதத்துக் காலையில் சாறு வெள்ளமாக வடியும்போது பொறி இயங்காது போனால், அச்சிறிய அடுப்பு அத்தனை சாற்றையும் காய்ச்ச மாட்டாது. சாறோ காத்திராது, வெம்மை ஏறினால் விரைவில் புளித்துவிடும். சவ்வின் விலை பல நூறு டாலர். அதையாவது கடன் வாங்கிக் கொடுத்துவிடலாம். கைவிட்டுப் போன பருவத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அச்சவ்வு எத்தகையது? இக்காலத்துச் சவ்வில் நீரையும் சர்க்கரையையும் பிரிக்கும் வேலையைச் செய்வது பாலியமைடு என்னும் பொருளாலான மெல்லிய படலம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதனைத் தாங்க அடியில் வேறு இரு படலங்கள் உண்டு. இவ்வாறமைந்த தாள்களை இடையிடையே வலைத்துணி வைத்து, ஒரு குழாயைச் சுற்றிப் பாய்போலச் சுருட்டியிருப்பார்கள். எட்டு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் உள்ள ஒரு சுருளுக்குள் ஏறத்தாழ 400 சதுர அடிச் சவ்வு அடங்கியிருக்கும். உள்ளே கைவிட்டுத் தேய்க்க இயலாது. கண்ணாற் பார்க்கவும் இயலாது. கழுவுவதெல்லாம் நீரைச் செலுத்தியே செய்தாக வேண்டும்.

பருவம் முடியும்போது அந்த வலைத்துணியின் கண்களில் சர்க்கரை, தாது உப்புகள், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஆகியன சிக்கியிருக்கும். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். அந்த நுண்ணுயிர்களின் கையில், உணவும் ஈரமும் கோடையின் வெம்மையும் நிறைந்த வீட்டைப் பத்து மாதம் ஒப்படைத்தால் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. அவை வழுவழுப்பான பாசிபோலப் படிந்து நீரின் வழியை அடைத்துவிடும். சரி, ஈரமே இல்லாமல் உலர்த்தி வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. ஒருமுறை பயன்பட்ட சவ்வு உலர்ந்துவிட்டால் அதன் நுண்வழிகள் சுருங்கி, பின்பு பழைய அளவு நீரை விடுவதில்லை. குளோரின் இட்டுக் கிருமிகளைக் கொல்லலாம் என்றால், குளோரின் பாலியமைடையே அரித்துவிடும். உறைபனியில் விட்டாலோ, நீர் உறையும்போது ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு பருப்பதால் சுருளின் ஒட்டுகள் விண்டுபோகும். ஈரமும் வேண்டும், உயிரும் கூடாது, மருந்தும் கடுமையாக இருத்தலாகாது, குளிரும் வெப்பமும் அளவு மீறலாகாது. பச்சிளங் குழந்தையைப் பேணுவதும் இதனினும் எளிது என்று சொல்லத் தோன்றுகிறது. குழந்தை அழுதாவது தன் துன்பத்தைத் தெரிவிக்கும்.

பாகு காய்ச்சுவோர் இதற்குக் கைக்கொள்ளும் முறையைப் பார்ப்போம். கடைசிச் சாறு செலுத்தியவுடன் முதலில் தூய நீரால் அலசுவர். அத்தூய நீரும் அப்பொறி தந்ததே. சவ்வைக் கடந்து வெளிவரும் வடிநீரில் சர்க்கரையோ உப்போ ஏறக்குறைய இல்லை. குளோரின் அறவே இல்லை. அதனால் முன்யோசனை உடையவர் பருவத்தின் இறுதியில் ஒரு பெரிய தொட்டி நிறைய வடிநீரைச் சேர்த்து வைத்துக்கொள்வர். நகராட்சிக் குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கக்கூடுமாதலால் அதனைத் தொடமாட்டார்கள். அலசிய பின் காரக் கழுவுநீர். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்த சோப்பை வடிநீரில் கரைத்து, கை பொறுக்கும் வெம்மையில் சுற்றிச் சுற்றி ஓடவிடுவர். சவ்வை உண்டாக்கியவர் குறித்த வெப்பத்தைத் தாண்டுவதில்லை. இது புரதம், கொழகொழப்பு, நுண்ணுயிர்ப் படிவு ஆகியவற்றைக் கழற்றும். மறுபடியும் நெடிது அலசி, அதன் பின்னரே சிட்ரிக் அமிலம்போன்ற மெல்லமிலத்தால் தாதுப்படிவுகளைக் கரைப்பர். இம்முறையை மாற்றி அமிலத்தை முதலில் விட்டால் கரிமப்பொருட் படிவுகள் இறுகிப் பற்றிக்கொள்ளும். இறுதியில் மீண்டும் வடிநீர், முன்னினும் மிகுதியாக.

கழுவியது போதுமா என்பதைக் கண்ணால் அறிய முடியாது என்றேன். அளவினால் அறியலாம். சவ்வு புதிதாக வந்த நாளில், குறித்த அழுத்தத்தில், குறித்த வெப்பநிலையில், ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிநீர் தந்தது என்பதை உழவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார். கழுவிய பின் அதே நிலையில் தூய நீரைச் செலுத்தி மீண்டும் அளப்பார். அன்று நிமிடத்திற்கு 20 லிட்டர் வந்தது, இன்று 19 வருகிறது என்றால் குறையில்லை. 14 தான் வருகிறது என்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது, மீண்டும் கழுவவேண்டும். வெப்பநிலையைக் குறிக்க மறந்தால் இக்கணக்கு வீணாகிவிடும். நீர் குளிரக் குளிரத் தடித்து ஓடுமாதலால், ஒவ்வொரு பாகை செல்சியசு இறக்கத்திற்கும் வடிநீர் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் குறையும். பத்துப் பாகை வேறுபாட்டைக் கவனியாதவர் நல்ல சவ்வைக் கெட்டது என்று எறிந்துவிடவும் கூடும், கெட்டதை நல்லதென்று பூட்டிவைக்கவும் கூடும். குறிப்பேடு இல்லாத பாகுச் சாலையில் எத்தனை உயர்ந்த பொறி இருந்தாலும் அதனை நான் முழுமையான பொறியாகக் கொள்ளமாட்டேன்.

தூய்மையான சவ்வுச் சுருளை அதன் கூட்டினின்றும் உருவி எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் குழலில் இட்டு, வடிநீரால் நிரப்புவர். அந்நீரில் சோடியம் மெட்டாபைசல்பைட் என்னும் உப்பை நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கரைப்பது ஒரு வழக்கம். உலர்பழங்களையும் திராட்சை மதுவையும் கெடாமற் காக்கும் உப்பு அது. நீரிற் கரைந்த ஆக்சிசனை அது பற்றிக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக இயலாமற் போகின்றன. ஆனால் அது தானும் மெல்ல மெல்லச் செலவாகி, கரைசலின் அமிலத்தன்மையை ஏற்றும். ஆதலால் இடையிடையே அமிலத்தன்மையை அளந்து, பி.எச். எண் 3க்குக் கீழ் இறங்கினால் கரைசலைப் புதுப்பிக்கவேண்டும். இவ்வுப்பு அமிலத்தோடு கூடினால் நெஞ்சை அடைக்கும் கந்தக வாயு எழும். காற்றோட்டமுள்ள இடத்தில்தான் கலக்கவேண்டும், இழுப்பு நோய் உள்ளவர் விலகி நிற்பது நன்று. குழலை வைக்குமிடம் நிலவறைபோன்ற இருண்ட, குளிர்ந்த, ஆனால் நீர் உறையாத இடமாதல் வேண்டும். தகரக் கூரையின் கீழ்ப் பரணில் வைப்பாரும் உண்டு. கோடையில் 35 பாகைக்குமேல் வெந்து, பனிக்காலத்தில் கல்லாக உறையும் இடம் அது.

பொறியின் மற்ற உறுப்புகளுக்கு இவ்வளவு பேச்சு வேண்டா. முன்வடிகட்டிகளை எறிந்துவிடலாம். பம்பிலும் குழாய்களிலும் உள்ள நீரைச் சொட்டு மிஞ்சாமல் வடித்து, அடைப்பான்களைப் பாதி திறந்த நிலையில் விடவேண்டும். மூடிய அடைப்பானின் வயிற்றில் தங்கும் சிறிதளவு நீரே உறைந்து அதனைப் பிளந்துவிடும். மின்கம்பிகளைக் காக்கவேண்டியது எலிகளிடமிருந்து. சர்க்கரை மணம் கமழும் வெற்றுக் கட்டடம் அவற்றுக்கு அரண்மனை.

இவையெல்லாம் தொலைவிலுள்ள மக்களின் கவலை என்று எண்ணவேண்டா. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010ஆம் ஆண்டிலும், தெற்கே நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும் தொடங்கிய கடல்நீர் நிலையங்களில் நடப்பதும் இதே எதிர்ச் சவ்வூடு பரவல்தான். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் குடிநீர்ப் பொறிக்குள்ளும் அத்தகைய சுருளொன்று சிறிதாக இருக்கிறது. அதற்கு முன்னால் கரி வடிகட்டி ஒன்று வைத்திருப்பதற்கு, குளோரின் சவ்வை எட்டாமல் தடுப்பது ஒரு முக்கியக் காரணம். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குச் சென்று மாதம் கழித்து வருவோர், திரும்பியதும் அப்பொறியில் வரும் முதல் நீரைக் குடித்துவிடாமல் சற்று நேரம் ஓடவிட்டுக் கொட்டிவிடுவது நல்லது.

மீண்டும் மேப்பிள் காட்டுக்கு வருவோம். பிப்ரவரி பிற்பகுதியில், மரங்களில் துளையிடுவதற்கு முன்பே, பாகு காய்ச்சுவோர் நிலவறைக் குழலைத் திறக்கிறார். முதலில் முகர்ந்து பார்க்கிறார். கந்தக நெடி சிறிது இருந்தால் கவலையில்லை. அழுகல் நாற்றம் வந்தால்தான் கவலை. சுருளின் மேலுள்ள அம்புக்குறி சாறு ஓடும் திசையைக் காட்டுமாறு அதனைக் கூட்டிற் செருகி, குளோரினில்லாத கிணற்றுநீரால் நெடுநேரம் அலசுகிறார். காத்த உப்பு ஒரு துளி தங்கினாலும் பாகின் சுவையில் தெரியும். முதலில் வரும் சாற்றையும் வடிநீரையும் அவர் தரையிலேயே விட்டுவிடுவது அதனால்தான். பின்பு வெப்பமானியையும் கடிகாரத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று அளந்து, சென்ற ஏப்ரலில் எழுதிய எண்ணுக்குக் கீழே இந்த ஆண்டின் எண்ணை எழுதுகிறார்.