கருந்துளையின் மணியோசை



மண்பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்த்தே வாங்குவர். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மங்கி ஒலித்தால் எங்கோ விரிசல் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத குறையைக் காது கண்டுவிடுகிறது. ஒளியே வெளிவராத கருந்துளையையும் இங்ஙனம் தட்டி அறிய வழி காட்டிய அறிஞர் ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகிறேன். அவர் 1938-ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்த சி. வி. விசுவேசுவரா.

கருந்துளை என்பது யாது? ஒரு பொருளின் நிறை முழுவதும் மிகச் சிறிய இடத்துள் ஒடுங்கினால், அதன் ஈர்ப்பிலிருந்து ஒளியும் தப்ப இயலாது. நம் கதிரவன் அந்நிலை எய்த வேண்டுமாயின், ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர் ஆரமுள்ள அக்கோளம் 3 கிலோமீட்டர் ஆரத்துள் அடங்க வேண்டும். இதற்கு அடிப்படையான கணிதத்தை ஜெர்மன் அறிஞர் கார்ல் ஷ்வார்ஷில்ட் 1916-இல் வெளியிட்டார். ஆயினும், இத்தகைய பொருள் இயற்கையில் நிலைத்திருக்குமா என்னும் ஐயம் நெடுங்காலம் நீடித்தது. சிறிது அசைத்தாலே குலைந்துபோகும் பொருளை வானில் தேடிப் பயனில்லை அல்லவா?

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சார்லஸ் மிஸ்னரிடம் பயின்ற விசுவேசுவரா இவ்வினாவை எடுத்துக்கொண்டார். சுழலாத கருந்துளை சிறிய அசைவுகளால் குலையாது என்று கணித வழியே காட்டினார். அடுத்து, அதன்மேல் ஈர்ப்பலைகளை ஏவினால் என்ன நிகழும் என்று கணிப்பொறியின் துணையோடு கணக்கிட்டார். அகன்ற அலைகளால் குறிப்பிடத்தக்க விளைவு தோன்றவில்லை. அலையைக் குறுக்கியபோதோ, கருந்துளை அடித்த மணிபோல் அதிர்ந்தது. அவ்வதிர்வு விரைவில் தேய்ந்து அடங்கியது. யார் அடித்தாலும் மணி தன் சுருதியிலேயே ஒலிக்கும். அதுபோல, சுழலாத கருந்துளையின் அதிர்வை அதன் நிறையே முடிவு செய்கிறது. இம்முடிவு 1970-இல் வெளிவந்தது.

இது செவிக்கு எட்டும் ஓசையன்று. இடவெளியே நீண்டு சுருங்கும் அதிர்வு. அதனை உணரவல்ல கருவி அன்று உலகில் இல்லை.

விசுவேசுவரா தாயகம் திரும்பினார். பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்திலும், பின்னர் இந்திய வானியற்பியல் நிலையத்திலும் பணியாற்றினார். 1989-இல் அந்நகரில் தோன்றிய ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநரும் அவரே. பள்ளிச் சிறுவரும் கல்லூரி மாணவரும் அறிவியல் பயில அங்கே வகுப்புகள் நடைபெற்றன. அரிய கருத்தை விளக்க அவர் நகைச்சுவைச் சித்திரங்களும் வரைவார். வானியலறிவு பொதுமக்களின் சொத்து என்பது அவர் கொள்கை.

2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவிலுள்ள லைகோவின் இரு கருவிகள் ஈர்ப்பலையை முதன்முதலாக உணர்ந்தன. கதிரவனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் மோதி ஒன்றாயின. 3 கதிரவன்களின் நிறை அலைகளாய்ப் பரவியது. புதிதாய்ப் பிறந்த கருந்துளை அதிர்ந்து அடங்கிய பாங்கு, அவர் கணித்த வகையிலேயே இருந்தது. 1970-இல் எழுதியது 45 ஆண்டுகளுக்குப்பின் மெய்யாயிற்று. செய்தி 2016 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதனைக் கேட்டு மகிழ அவர் உயிரோடிருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் மறைந்தார்.

மாணவர்களே, நீங்கள் வகுப்பில் எழுப்பும் வினாவுக்கு உடனே விடை கிடைக்காமற் போகலாம். அதனால் அவ்வினா வீணாகிவிடாது. அதனைக் குறித்து வையுங்கள். விடைக்குக் காத்திருக்கும் காலத்தில், நீங்கள் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுங்கள்.