கையில் தரும் பணமும் கட்சிகளின் கருத்து வேற்றுமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நம் கல்விக் கழகத்தை இருபத்தைந்து ஆண்டுகள் காத்து வளர்த்த பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

அரசு மக்கள் கையில் நேரடியாகப் பணம் தருவது முறையா என்னும் வழக்கு, தேநீர்க் கடை முதல் சட்டமன்றம் வரை நடந்து வருகிறது. கட்சிகள் இதில் ஏன் மாறுபடுகின்றன என்பதை நாம் ஆராய்ந்தறிதல் வேண்டும். ஏனெனில், எந்த வாதம் வென்றாலும் அதன் விளைவை முதலில் தாங்குவன நம் குடியிருப்புகளும் நம் பிள்ளைகள் தங்கிப் பயிலும் விடுதிகளுமே ஆகும்.

முதல் வேற்றுமை, நலிந்த பொருளாதாரத்திற்கு மருந்தை எங்கே இடுவது என்பதாகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகள் அடைபட்டன. நாட்கூலி பெறுவோர் வீடுகளில் வருவாய் நின்றது. மத்திய அரசு, ஜன்தன் கணக்குடைய பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்கள் அளித்தது. ஆயினும் மே மாதத்தில் அது அறிவித்த பெருந்திட்டத்தில், சிறு தொழில்களுக்கு ஈடின்றி 3 லட்சம் கோடி ரூபாய் வரை கடன் கிடைக்கச் செய்வதே முன்னின்றது. தொழில் நடந்தால் கூலி தானே வரும் என்பது அதன் கருத்து. காங்கிரசுக் கட்சியோ, ஏழைக் குடும்பங்களுக்கு உடனே 10,000 ரூபாய் தருக என்றது. மக்கள் கையில் காசில்லையேல் பட்டறையில் செய்த பொருளை வாங்குவார் யார் என்பது அதன் வினா. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் கடன் பட்டறை உரிமையாளரின் வாயிலோடு நிற்பது; அடுப்படிக்கு அது வந்து சேர நாளாகும். பசியோ நாள் பார்த்து வருவதில்லை.

இரண்டாம் வேற்றுமை, தருவது கொடையா உரிமையா, எல்லார்க்குமா சிலர்க்கா என்பதாகும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. பெண்களின் கூலியில்லா வீட்டுழைப்பிற்கு இது அங்கீகாரம் என்றது தி.மு.க. அரசு. ஆண்டு வருமானம், நிலம், மின் நுகர்வு ஆகியவற்றைக் கொண்டு தகுதி வகுத்ததை அ.தி.மு.க. குறை கூறியது. அக்கட்சியும் 2021 தேர்தலில் குடும்பத் தலைவியர்க்கு 1,500 ரூபாய் தருவதாக வாக்களித்திருந்தது. 2022 சூலையில் பிரதமர் மோடி, இலவசங்களை ‘ரேவடி’ என்னும் இனிப்புக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். ஆனால் அவரது அரசே 2019 முதல் உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கியது. மத்தியப் பிரதேசத்தில் பாரதிய ஜனதா அரசு 2023இல் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கத் தொடங்கியது. ஆகவே பணம் தருவதை முற்றாக மறுக்கும் பெரிய கட்சி இல்லை. தன் கை தந்தால் நலத்திட்டம், பிறர் கை தந்தால் இலவசம் என்பதே பேச்சாக இருக்கிறது.

மூன்றாவது, இருக்கையைப் பொறுத்த வேற்றுமை. 2020 ஏப்ரலில் அ.தி.மு.க. அரசு அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாய் தந்தது, எதிர்வரிசையிலிருந்த தி.மு.க. 5,000 கேட்டது. 2021இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. இரு தவணைகளில் 4,000 தந்தது. அடுத்த பொங்கலுக்குப் பொருள் மட்டும் தந்து பணம் தராதபோது அ.தி.மு.க. குறை கூறியது. இதனை வெறும் நடிப்பென்று தள்ளிவிடலாகாது. கேட்பவர் தேவையைப் பார்க்கிறார். தருபவர் கருவூலத்தைப் பார்க்கிறார். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் மாநிலம் தானே வரி விதிக்கும் இடம் குறுகியது. கடன் வாங்கவும் வரம்புண்டு.

ஏழைக்குக் காசு கொடுத்தால் சோம்பேறியாவான் என்பாருக்கு நம் வரலாறே விடை கூறும். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. அதுவும் கையில் தந்த பணமே. அப்பணம் சோம்பேறிகளை உண்டாக்கவில்லை. ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் மருத்துவர்களையும் உண்டாக்கியது.

ஆயினும், கட்சிகள் உரக்கப் பேசாத வினா ஒன்று உண்டு. தரும் பணம் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது? மக்கள் தொகை விகிதப்படி நமக்கென ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979இல் உருவாயிற்று. பின்னர் அது துணைத்திட்டம் எனப் பெயர் பெற்றது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் நூற்றுக்கு இருபதின்மர். மகளிர் உரிமைத் தொகைக்கு இத்துணைத்திட்ட நிதி பயன்படுத்தப்படுவது குறித்து 2023இல் தேசிய ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. கருநாடகத்திலும் வாக்குறுதித் திட்டங்களுக்கு இந்நிதியை எடுத்ததன் மேல் பூசல் எழுந்தது. அப்பணமும் நம் பெண்களுக்கே செல்கிறது என்பது இதற்குக் கூறப்படும் சமாதானம். எல்லாப் பெண்களுக்கும் பொது நிதியிலிருந்து உரியதை, நம் பெண்களுக்கு மட்டும் நம் பங்கிலிருந்து தருவது எவ்வாறு நீதியாகும்? அவ்வாறு தந்தால் தாயின் கையில் ஆயிரம் சேரும். மகனின் விடுதிக்குக் கூரை வேய இருந்த பணம் குறையும். 2024இல் தமிழகச் சட்டமன்றம் இந்நிதிக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அச்சட்டத்தைப் படித்து, ஆண்டுதோறும் கணக்குக் கேட்பது கற்றவர் கடமை.

ஆகவே, வாக்குக் கேட்டு வரும் எக்கட்சியாயினும் அதனிடம் மூன்று வினாக்களை வைப்போம். எவ்வளவு தருகிறீர்கள்? எவரை விலக்குகிறீர்கள்? எவர் பங்கிலிருந்து தருகிறீர்கள்? முதல் வினாவை எல்லாரும் கேட்கின்றனர். மூன்றாவதைக் கேட்பதற்கு வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் அத்தகைய பிள்ளைகளை உருவாக்குவதே இக்கழகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்றவேண்டிய பணி என்று கூறி அமைகின்றோம்.