இன்னும் இரண்டே வருடம்

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தேக்காவுக்கு இப்போது ரயில் மாறாமலே போய்வரலாம். 2015 டிசம்பர் 27ஆம் தேதி டௌன்டவுன் பாதையின் அந்தப் பகுதி திறக்கப்பட்டதிலிருந்து அந்த வசதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காயும் மல்லிகைச் சரமுமாக வீடு திரும்பும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம், "ஊருக்கு எப்போது திரும்புவதாக உத்தேசம்?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் ரெண்டே வருஷம்" என்பார். பதினைந்து வருடத்துக்கு முன்பும் அவர் அதைத்தான் சொன்னார்!

இடையில் நீல அடையாள அட்டை வந்துவிட்டது. மறுவிற்பனையில் வீவக வீடும் வாங்கியாயிற்று. ஆனால் நிரந்தரவாசியாவது வேறு, நிரந்தரமாகத் தங்குவது என்று மனத்தில் முடிவெடுப்பது வேறு. முதலாவதற்கு விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டாவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இது புதிய கதையல்ல. 1957ல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இங்கே பல ஆண்டு வாழ்ந்த வெளிநாட்டவரும் பதிந்துகொள்ள வழி பிறந்தது. தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி, இந்தியர்கள் குடியுரிமை பெற வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஓயாமல் வலியுறுத்தினார். அவரே திருவாரூரில் பிறந்து 1924ல் இங்கு வந்தவர். எல்லாரும் கேட்டார்களா? இல்லை. "எப்படியும் ஊருக்குப் போகப்போகிறோம்" என்று சும்மா இருந்தவர்கள் உண்டு. 1965க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானது. 1971ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த பலர் பணிக்கொடையோடு கப்பலேறினர். போவதா இருப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை, காலம் செய்தது.

இன்றைய குடும்பத்தில் அந்த நெருக்கடி மகன் மூலமாக வருகிறது. பெற்றோரோடு நிரந்தரவாசியான பையன் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ள வேண்டும். பதினெட்டில் இரண்டாண்டு முழுநேரச் சேவை. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ அவன் விண்ணப்பிக்கும்போது அது பாதிக்கும். கடிதம் வந்த பிறகுதான் பல வீடுகளில் பேச்சே தொடங்குகிறது. அப்பா சேவையைப் பற்றிக் கணக்குப் போடுகிறார். பையனோ இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, இங்கேயே நண்பர்களைப் பெற்றவன். அவனுக்குத் தஞ்சாவூர் என்பது விடுமுறைக்குப் போகும் இடம்.

இளஞ்சிவப்பு அடையாள அட்டைக்கு மாறுவதும் லேசான காரியமல்ல. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பழைய கடப்பிதழை ஒப்படைக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வாங்கினால் விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் அங்கே வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பூர்வீக வயல் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயலையும் சேர்த்து வாங்கும் ஆசை இருந்தால், அதை இப்போதே மறந்துவிட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஊரில் இருக்கும் தாயிடம் சொல்வது. பேரன் வருவான் என்று மாடியில் ஓர் அறை கட்டி வைத்திருப்பார். அவரிடம் "ரெண்டு வருஷம்" என்ற பதிலை மறுபடி தொலைபேசியில் சொல்வதைவிட, இந்தத் தீபாவளிக்கு நேரில் போய், பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அவர் அழக்கூடும். "எனக்கு அது எப்பவோ தெரியுமேடா" என்றும் சொல்லக்கூடும்.