உடற்பயிற்சியும் உள்ள நலமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உடற்பயிற்சி என்றவுடன் மல்லர்களும் கர்லாக் கட்டையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அது வாலிபர்க்கே உரியது என்று மற்றையோர் ஒதுங்கி நிற்கிறோம். உடலுக்கு வலிமை தருவது அதன் ஒரு பயனே. மனத்தைக் காப்பதும் அதன் பெரும் பயன் என்பதையே ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

நாம் பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்தவர்கள். நம் பகற்பொழுது நாற்காலியிலும் கணிப்பொறியின் முன்னும் கழிகிறது. ஆயினும் அலுவலகத்தில் பேச்சுத்துணைக்கேனும் பலர் உளர். நம் முதிய பெற்றோர் நிலை வேறு. ஊரில் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து, பத்துப் பேரோடு பேசி வாழ்ந்தவர்கள், இங்கு மொழி அறியாமல் இரண்டு அறைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றனர். இல்லத்தரசியர் பலரின் நிலையும் இதுவே. உறக்கமின்மை, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியன தோன்றினால், 'ஊர் ஏக்கம்' என்று கூறி வாளாவிருக்கிறோம். அவ்வாறு இருத்தல் தகாது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழகத்தார் மனச்சோர்வு நோயுற்ற 156 பேரை ஆராய்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். அனைவரும் 50 வயது கடந்தவர்கள். ஒரு பிரிவினர் மருந்து உண்டனர். ஒரு பிரிவினர் உடற்பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் இரண்டையும் மேற்கொண்டனர். தொடக்கத்தில் மருந்தே விரைந்து பயன் தந்தது. எனினும் 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர். நார்வே நாட்டில் 30,000-க்கும் மேற்பட்டோரை 11 ஆண்டுகள் கவனித்த மற்றோர் ஆய்வு, வாரம் 1 மணி நேரமேனும் பயிற்சி செய்வோரிடம் இந்நோய் தோன்றுவது குறைவு என்று கண்டது. அப்பயிற்சி கடுமையாக இருக்க வேண்டியதில்லை என்பதும் அதன் முடிவு.

நடப்பவர்க்கு நல்லுறக்கம் வாய்க்கிறது. கவலையையே சுற்றிச் சுழலும் எண்ணம் சிறிது நேரமேனும் விடுபடுகிறது. "வீட்டு வேலையே போதாதா?" எனத் தாய்மார்கள் வினவலாம். வேலை உடலை அசைக்கும். ஆனால் திறந்த வெளியையும் தோழமையையும் அது தருவதில்லை.

நோய் முற்றியோர் மருத்துவரை நாடுதலே முறை. மருந்து உண்போர் தாமாக அதனை நிறுத்தலாகாது.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள்தோறும் அரைமணியாக, வாரம் ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறும். கோடையில் கதிரவன் எழுமுன்னரும், குளிர்காலத்தில் மூடுபனி விலகிய பின்னரும் நடத்தல் நன்று. கும்மியும் கோலாட்டமும் விழா மேடைக்கு மட்டும் உரியன அல்ல. நம் பெண்மக்கள் வாரந்தோறும் கூடி ஆடினால் அவையே சிறந்த பயிற்சியாகும்.

நம் சங்கம் ஆண்டுக்கொருமுறை கூடிக் கலைவதோடு அமையலாகாது. குடியிருப்பின் திடல் மாலைதோறும் வெறிச்சோடிக் கிடக்கிறது. நாளை மாலை நாம் அங்குச் செல்லும்போது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, தனியே வெளிவரத் தயங்கும் முதியவரையும் உடன் அழைத்துச் செல்வோமாக.