கரகத்துக்குக் காவல் உண்டு, ஏரிக்கு?



சைத்ர பௌர்ணமி இரவில் பெங்களூர் திகளரபேட்டை தர்மராய சுவாமி கோயில் வாசலில் கால்கடுக்க நின்றவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நள்ளிரவு தாண்டி, மல்லிகைக் கோபுரமாய்க் கரகம் வெளியே வருகிறது. சுமக்கும் பூசாரி விரல்கூடப் படாமல் தலையில் தாங்கி, விடிய விடிய நடக்கிறார். அவர் கழுத்தில் மனைவியின் தாலி. கையில் அந்த அம்மாளின் வளையல். விரதம் அவருக்கு மட்டுமா? அந்த வீட்டுக்கே விரதம். சுற்றிலும் உருவிய வாளோடு காவல் வரும் வீரகுமாரர்கள்.

இந்தக் கரகத்தில் எழுந்தருளும் அம்மன், செஞ்சிப் பக்கம் தீமிதி வாங்கும் அதே திரௌபதி அம்மன்தான். தமிழ் மண்ணிலிருந்து வந்து, இந்த ஊருக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்த திகளர்களின் தாய். அவள் கரகம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகிறது. யாரும் அதைப் புதுமை என்று சொல்வதில்லை, அதுதான் வழக்கம். எனக்கு இந்த ஊர்மேல் உள்ள பாசத்துக்கு அந்த வழக்கம் ஒன்றே போதும்.

ஆனால் பௌர்ணமிக்கு முன்பே எடுக்கும் பச்சைக் கரகம் எங்கிருந்து வருகிறது? சம்பங்கி ஏரியிலிருந்து. அந்த ஏரி எங்கே? அதன்மேல் கண்டீரவா மைதானம் நிற்கிறது. மிஞ்சியது ஒரு குட்டை. அந்தக் குட்டையையாவது காத்தது இந்தச் சடங்குதான் என்பேன். தர்மாம்புதி ஏரிக்கு அப்படி ஒரு சடங்கு துணைக்கு வரவில்லை. அது மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆகிவிட்டது. பெள்ளந்தூர் ஏரியில் தீயே பிடித்தது. 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

பானைக்குக் கை படக்கூடாது என்று விதி வைத்தோம். பானை எழுந்து வரும் தண்ணீருக்கு என்ன விதி வைத்தோம்? எதற்காக நாம் பட்டினி கிடக்கிறோமோ, தூக்கம் விடுகிறோமோ, லாபத்தை வேண்டாம் என்கிறோமோ, அதைத்தான் புனிதம் என்று நான் ஒப்புக்கொள்வேன். அந்தப் பூசாரி கொடுக்கிறார். ஏரிக்கு நாம் எதைக் கொடுத்தோம்?

அல்சூர் ஏரி இந்த மேடையிலிருந்து கூப்பிடு தூரம். அதில் சாக்கடை எங்கெங்கே கலக்கிறது என்று நம் இளைஞர்கள் கரை சுற்றிப் பார்த்து எழுதட்டும். கையெழுத்துப் போட்டு அதிகாரிகளிடம் கொண்டுபோவோம். திகளர் பெரியவர்களையும் தர்கா பெரியவர்களையும் முன்னால் நிற்க அழைப்போம். அடுத்த கரகத்துக்கு முன் இதைச் செய்தாக வேண்டும்.