432 வருடமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், காந்திபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலாப் பேசு, எல்லாருக்கும் புரியணும், சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரணும்" என்று செயலாளர் எனக்கு மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். மூன்றாவதை நிச்சயம் காப்பாற்றுகிறேன். எனக்கும் பசிக்கிறது.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அமெரிசியம். பெயரைக் கேட்டதும் இது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். தீ எச்சரிக்கைக் கருவி மாட்டுவதும் பராமரிப்பதும் என் தொழில். மில்லிலும் ஆபீஸிலும் வேலை பார்த்த உங்களில் பலர், தெரியாமலேயே இந்த அமெரிசியத்துக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதியிருப்பீர்கள்.

தனிம அட்டவணையில் யுரேனியம் 92. அமெரிசியம் 95. பூமியைத் தோண்டி எடுக்கும் சரக்கல்ல, மனிதன் செய்தது. புளூட்டோனியம்-239 அணு உலைக்குள் ஒரு நியூட்ரானை விழுங்கினால் 240 ஆகிறது. இன்னொன்றை விழுங்கினால் 241. இந்த 241-க்கு அரை ஆயுள் சுமார் 14 வருடம். அது சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. 1944-இன் இறுதியில் சிகாகோவில் கிளென் சீபோர்க் குழுவினர் இப்படித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். போர்க்காலம் என்பதால் ரகசியம். 1945 நவம்பர் 11 அன்று, சிறுவர்களுக்கான ஒரு வானொலி வினாடி வினா நிகழ்ச்சிக்கு சீபோர்க் போயிருந்தார். புதுத் தனிமம் ஏதாவது கண்டுபிடித்தீர்களா என்று ஒரு பையன் கேட்டான். அறிஞர்கள் கூட்டத்தில் அறிவிக்க இன்னும் சில நாள் இருந்தது. மனிதர் அங்கேயே சொல்லிவிட்டார்! தம்பிகளே, கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள்.

இதன் ஐசோடோப்புகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் ஆயுள் ஒவ்வொன்றுக்கும் வேறு. 242-க்கு அரை ஆயுள் 16 மணி நேரம். 240-க்கு இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல். 241-க்கு 432 வருடம். 243-க்கு ஏழாயிரம் வருடத்துக்கு மேல். சிதையாமல் நிலைத்து நிற்கும் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

432 வருடத்தில் தீர்ந்து போய்விடும் என்று அர்த்தமில்லீங்க. பாதிதான் குறையும். அடுத்த 432 வருடத்தில் அந்த மீதியில் பாதி. கூட்டு வட்டி தெரியாதவர் நம்மூரில் இல்லை. அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் அரை ஆயுள். பேரூர்க் கோயிலின் கனகசபை மண்டபத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் எழுந்தது. அந்தச் சிற்பி உளி பிடித்த நாளில் யாரோ ஒரு பொட்டு அமெரிசியத்தை அங்கே வைத்திருந்தால், இன்றைக்கும் அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

இதைக் கொண்டுபோய் ஏன் கூரையில் மாட்டினார்கள்? காரணம் எளிமையானது. பழைய வகைப் புகை உணரியின் உள்ளே இரண்டு தகடுகள். நடுவில் அமெரிசியம் பூசிய சின்னப் பொட்டு. அதிலிருந்து வரும் ஆல்பா துகள் காற்றை அயனியாக்கும். தகடுகளுக்கு இடையே துளி மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். புகை நுழைந்தால் அயனிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் குறையும், மணி அடிக்கும். இதற்கு ஒரு மைக்ரோ கியூரி போதும். எடையில் அது ஒரு மைக்ரோ கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் வினாடிக்கு 37,000 அணு சிதைகிறது. பழைய தொழிற்சாலை மாடல்கள் சிலவற்றில் இதைவிட அதிகமாகவும் இருந்தது.

பயப்பட வேண்டாம். ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். கூரையில் இருக்கும் வரை அது உங்களை ஒன்றும் செய்யாது, உயிரைத்தான் காப்பாற்றும். உடைத்து, நசுக்கி, எரித்து, அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போனால்தான் வினை. உள்ளே போனது எலும்பிலும் ஈரலிலும் தங்கிவிடும்.

இங்கேதான் எங்கள் தொழிலின் சிக்கல். கருவியின் ஆயுள் சுமார் பத்து வருடம். பத்து வருடம் கழித்துக் கழற்றும்போது, உள்ளே இருக்கும் அமெரிசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு அப்படியே இருக்கிறது. கருவி செத்துவிட்டது, சரக்கு சாகவில்லை. மிச்ச வருடங்களுக்கு யார் பொறுப்பு?

இது கற்பனைக் கேள்வி அல்ல. சில வருடங்களுக்கு முன் மூடிக்கிடந்த ஒரு மில்லில் பழைய அலாரம் பேனலைக் கழற்றும் வேலை எங்களுக்கு வந்தது. கட்டிடம் கைமாறியிருந்தது. பழைய இரும்பு, ஒயர் எல்லாம் எடை போட்டு ஸ்கிராப் வியாபாரிக்குப் பேசி முடித்துவிட்டார்கள். ஏணி போட்டு ஓர் உணரியைக் கழற்றினேன். பின்பக்கம் கதிரியக்கத்தின் மூன்று இதழ்ச் சின்னமும், அமெரிசியம் 241 என்ற எழுத்தும். மொத்தம் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய ஃபைல்கள் பேப்பர் கடைக்குப் போய்விட்டன.

வாட்ச்மேன்தான் வழி காட்டினார். அந்த மில்லின் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் பக்கத்திலேயே குடியிருந்தார். சொல்லி அனுப்பியதும் மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் ஒரு நீள நோட்டு.

"இதுல எல்லாம் இருக்குதுங் தம்பி. எந்த ரூம்ல எத்தனை, எந்த வருசம் மாட்டுனது, எதைக் கழட்டுனது, எல்லாம் எழுதியிருக்கறேன்."

நோட்டில் 38. கூரையில் 31. மீதி ஏழில் நான்கு, கொடுத்த கம்பெனிக்கே திரும்பப் போனதாகத் தேதியோடு குறிப்பு இருந்தது. மூன்று, ஸ்டோர் ரூமில் ஒரு தகர டப்பாவில் என்று இருந்தது. போய்ப் பார்த்தோம். இருந்தது! அத்தனையும் விதிமுறைப்படி விற்ற கம்பெனி மூலம் திருப்பி அனுப்பப்பட்டது.

"ஏனுங்க ஐயா, யாரும் கேக்காம இவ்வளவு எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மாட்ட வந்தவரு, இதை உடைச்சிராதீங்கன்னு மட்டும் சொன்னாருங். எப்ப வரைக்கும்னு சொல்லலை. அதான் எழுதி வெச்சேன்."

எப்போது வரைக்கும் என்ற கேள்வியை அவர் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2010-இல் டெல்லி மாயாபுரி ஸ்கிராப் சந்தை. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருடமாக உபயோகிக்காமல் கிடந்த ஒரு காமா கருவியை ஏலத்தில் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். உள்ளே கோபால்ட்-60. அதன் அரை ஆயுள் 5 வருடத்துக்குச் சற்று மேல்தான். வாங்கியது 1960-களின் இறுதியில். ஏறத்தாழ எட்டு முறை பாதியாகி, 250-இல் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சியிருக்கும். உடைத்தவர்களில் ஒருவர் உயிரை எடுக்க அதுவே போதுமாக இருந்தது. புகை உணரியில் இருப்பது அதோடு ஒப்பிட்டால் மிகமிகச் சொற்பம். ஆனால் தவறின் வழி ஒன்றுதான்: வாங்கியவருக்குத் தெரியும், விற்றவருக்குத் தெரியாது.

மறுபக்கமும் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைக்கு எரிபொருள் புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு. பிரித்தெடுத்த புளூட்டோனியத்தைச் சும்மா வைத்திருந்தால், அதில் உள்ள 241 கொஞ்சம் கொஞ்சமாக அமெரிசியம் ஆகிக்கொண்டே வரும். ஆட்டி வைத்த மாவு புளிப்பது போலத்தான். அமெரிசியம் கூடக் கூடக் காமா கதிரும் கூடும், கையாளுபவர்களுக்குப் பாதுகாப்பும் அதிகம் தேவைப்படும். அதனால் அந்தத் தொழிலில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, பிரித்து எத்தனை நாளாயிற்று என்ற கேள்வியும் உண்டு. பொருளுக்குப் பக்கத்திலேயே தேதியும் இருக்க வேண்டும். ஃபோர்மேன் ஐயாவின் நோட்டும் அதைத்தான் செய்தது.

இப்போது ஒளியைக் கொண்டு வேலை செய்யும் உணரிகள் பரவலாகிவிட்டன. அவற்றில் அமெரிசியம் இல்லை. ஆனால் பழையவை இன்னும் பல கட்டிடங்களில் இருக்கின்றன. நம் கோவையில் எத்தனை மில்கள் மூடின, அந்த இடங்களில் இன்று என்னென்ன எழுந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஆகவே மில், ஆஸ்பத்திரி, ஓட்டல், பேங்க் கட்டிடங்களில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய உணரியைக் கழற்றினால் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று இதழ்ச் சின்னம் இருந்தால் உடைக்காதீர்கள், குப்பையிலோ ஸ்கிராப்பிலோ போடாதீர்கள். எண்ணிப் பூட்டி வையுங்கள். விற்ற கம்பெனிக்குத் திருப்பி அனுப்புங்கள். கம்பெனியே இல்லையென்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள்; அதன் தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, ஒரு மெஷினை வடிவமைக்கவும் ஓட்டவும் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதும் இன்ஜினியரிங்தான். நீங்கள் வேலை மாறுவீர்கள், கம்பெனி பெயர் மாறும், கட்டிடம் கைமாறும். உள்ளே இருக்கும் பொருளுக்கு அது தெரியாது. அது தன் கணக்குப்படி போய்க்கொண்டே இருக்கும். எங்கே என்ன வைத்தோம் என்று, நம் முகம் தெரியாத ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வையுங்கள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கட்டும்.

 சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார்.