மூச்சைக் காக்கும் தூய்மை



குத்துவிளக்கு மங்கினால் நம் இல்லங்களிற் புளியிட்டுத் துலக்குகின்றனர். புளியிலுள்ள அமிலம் பித்தளைமேற் படிந்த களிம்பைக் கரைத்துவிடுகின்றது. இவ்வெளிய உண்மைக்கும், முல்லைத்தீவுக் கடலிற் சங்கும் கடலட்டையும் தேடிச் சுழியோடும் இளைஞரின் உயிருக்கும் தொடர்புண்டு என்றால் வியப்பாக இருக்கலாம்.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த முன்னோர் மூச்சை அடக்கியே மூழ்கினர். 1943இல் பிரான்சு நாட்டினரான கூஸ்தோவும் கன்யானும் அமைத்த கருவி அந்நிலையை மாற்றிற்று. சிலிண்டரிற் காற்று ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதனை இரு படிகளில் தணித்து, சூழ்ந்த நீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கி வாயிற் சேர்ப்பதே ரெகுலேற்றர். அதன் உலோகம் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை. உள்ளே இறப்பர் வளையங்கள் உள. உப்புநீர் புகுந்து உலர்ந்தாற் பச்சைக் களிம்பும் வெண்படிவும் தோன்றும். பின்னர் வால்வு சரியாக மூடாது, காற்று ஒழுகும், மூச்சிழுப்பதும் கடினமாகும்.

இதனை எதனாற் கழுவுவது? என் பழைய மாணவர் ஒருவர், படகு இயந்திரத்தைக் கழுவிய மண்ணெண்ணெயிலேயே இதனையும் கழுவினார். இறப்பர் வளையங்கள் பருத்துத் தம் இடத்தில் அமர மறுத்தன. “மணம் போய்விடும், சேர்” என்றார் அவர். மணமாக வீசுவது அவர் சுவாசிக்கும் காற்றிற் கலந்த ஆவியன்றோ! மேலும், ஒட்சிசன் மிகுந்த கலவை பாயும் கருவியில் எண்ணெய்ப் பசை தீக்கு வழி வகுக்கும்.

முன்னாளிற் கொழுப்பகற்றப் பயன்பட்ட காபன் நாற்குளோரைட்டு ஈரலைக் கெடுப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்கு 1990இல் இலண்டனிற் செய்யப்பட்ட திருத்தம், ஓசோன் படலத்தின் பொருட்டு அதனையும் விலக்கியது. ஐதரோகுளோரிக்கமிலம் போன்ற வல்லமிலமோ குரோமியப் பூச்சை உரித்துப் பித்தளையை அரிக்கும். வெளிற்றும் திரவமும் உலோகத்தை அரிப்பது. அதனை அமிலத்தோடு கலந்தாற் குளோரீன் என்னும் நச்சுவாயு எழும்.

பின் எது தகும்? கருவியை முழுதும் கழற்றி, இளஞ்சூடான நன்னீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவுதல் முதற்படி. களிம்பு நீங்காவிடின், உலோகப் பகுதிகளை மட்டும், நீர் கலந்த வெண்ணிற வினாகிரியிலோ ஐதான சித்திரிக்கமிலக் கரைசலிலோ சில நிமிடம் இடலாம், மறந்து விட்டுவிடலாகாது. இறப்பரை அதில் இடவேண்டா. பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரில் அமிலத்தைப் போக்கி, நன்கு அலசி உலர்த்துக. கேத்தலில் வெண்படிவு விடும் நம் கிணற்றுநீரைத் தவிர்த்து, இறுதி அலசலுக்குக் காய்ச்சிவடித்த நீரைக் கொள்ளுதல் நன்று. விளக்குக்கு உகந்த சாம்பல் இங்கு ஆகாது. வால்வின் நுண்ணிய விளிம்பைக் கீறிவிடும். தயாரித்தோரின் கைந்நூல் கூறுவதே இறுதி விதி; மீளப் பூட்டுவதும் அழுத்தத்தைச் சீர்செய்வதும் பயிற்சி பெற்றவர் பணி.

இவை யாவற்றிலும் மலிவான மருந்தொன்று உண்டு. கரையேறியவுடன், தூசுமூடியை இறுகப் பூட்டி, கருவியை நன்னீரில் அலசுதலே அது. வீட்டுக்கு விளக்கேற்றும் பிள்ளை கடலடியில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்தச் சிறு பித்தளையின் வழியே வருகின்றது. விளக்குக்குக் காட்டும் கருத்தை அதற்கும் காட்டுவோமாக.